குந்துமணிக்கு அஞ்சாவது விரல்

பாப்பா, அந்தப் பையக் கொஞ்சம் இப்படித் திருப்பும்மா. கழட்ட வேணாம், திருப்பினாப் போதும். ஆங், அப்படித்தான்.

சார், உங்க பொண்ணா? ஒண்ணாப்புப் படிக்கிறாளா? நல்லது. மதுரையில ஏறினதுலேர்ந்து இந்த ஆளு ஏன் நம்ம புள்ளையோட பையவே மொறச்சுக்கிட்டு வர்றான்னு நீங்க ஒரு மாதிரியாப் பாத்தீங்க. நான் ஒண்ணும் பையத் தூக்கிட்டு ஓடிர மாட்டேன். அந்தப் பையில சிரிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க ஒரு புள்ள, பச்சைக் கண்ணு, ரெட்டைச் சடை, தலை கொள்ளாத மல்லிப்பூ? அது எம் பொண்ணு சார்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். டிவியில ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வருதே 'குந்துமணி', அந்தப் பொம்மைப் படத்துல அவளுக்கு மூஞ்சி வரஞ்சது நான்தான். யாரு எப்படி இருக்கணும், மூக்கு எப்படி, முழி எப்படின்னு மொதல்ல கையால வரஞ்சு குடுக்கணும். அப்புறம்தான் மத்தவங்க கம்ப்யூட்டர்ல அத நடக்க விட்டு, ஓட விட்டு, மரத்துலேர்ந்து விழ விடுவாங்க. நான் வரையலேன்னா ஒண்ணுமே விழாது.

எம் பேரு ககாரின்பெருமாள். ஆமா, சரியாத்தான் கேட்டீங்க. எங்க அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரரு. ராக்கெட்டுல போன ரஷ்யாக்காரரு பேரத்தான் வெப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அம்மா, பெருமாள் பேரு வெக்காம தொட்டில்ல போட மாட்டேன்னு இன்னொரு கால்ல நின்னுச்சு. கடைசியில ஆளுக்குப் பாதி. இந்தப் பேர வெச்சுக்கிட்டு நான் சொல்றேன்னு நெனக்காதீங்க, வெளிநாட்டு வாடையே எனக்கு ஆகாது சார். நம்ம புள்ளைங்க பாக்கற படத்துல நம்ம மண்ணோட மூஞ்சிதான் இருக்கணும். அதுக்காக நான் போட்ட சண்டை கொஞ்ச நஞ்சமில்ல. அந்தச் சண்டையிலதான் எம் பொண்ணு எங்கூடக் காய் விட்டுட்டா. இப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பழம் விடத்தான் போயிக்கிட்டிருக்கேன். மடியில இருக்கு பாருங்க பெட்டி, அது அதுக்குத்தான். முழங்கால் இடிக்குதா? மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் சாய்ச்சு வெக்கிறேன்.

கதையச் சொல்லட்டா? திருமங்கலமே இன்னும் தாண்டல. சொல்றேன்.

எங்க ஸ்டூடியோ சென்னையில, சாலிகிராமத்துல. மொதலாளி செங்குட்டுவன் சார். ஒரு நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு மேசையத் தட்டினாரு. "எத்தன நாளைக்குய்யா வெள்ளக்காரப் பூனையும் ஜப்பான் பூதமும் பாத்துக்கிட்டிருக்கறது? நமக்குன்னு ஒரு புள்ள வேணும். ரோட்டுல பாத்தா, அட, நம்ம பக்கத்து வீட்டுப் புள்ளைன்னு தோணணும்" அப்படின்னாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நேரா வீட்டுக்கு வந்து எம் பொண்ணப் பாத்தேன்.

அவ பேரு இளவெயினி. ஒம்பது வயசு. வீட்டுல குந்துமணின்னு கூப்புடுவோம். நல்ல கறுப்பு சார், எங்க அம்மா நெறம். மூக்கு கொஞ்சம் அகலம். நெத்தி மேடு. முன்னால ஒரு தெத்துப்பல்லு. காது ரெண்டும் யாரு என்ன பேசறான்னு கேக்கற மாதிரி வெளிய நிக்கும். அடுப்படியில உக்கார வெச்சு, கையில முறுக்கக் குடுத்து, சாயங்காலம் சாயங்காலம் வரஞ்சேன். சும்மா உக்காருவாளா? "அப்பா, பல்லு வந்துருச்சா? காது வந்துருச்சா? காதக் கொஞ்சம் கொறச்சுப் போடு"ன்னு நச்சரிப்பா. அவ தொல்லை தாங்காமக் காதுல ஒரு இணுக்குக் கொறச்சேன். ஸ்கூல்ல போயி, நான் டிவியில வரப் போறேன்னு டீச்சர் மொதக்கொண்டு தமுக்கடிச்சுட்டா.

படத்தக் கொண்டுபோயி ஸ்டூடியோவுல வெச்சேன். செங்குட்டுவன் சார் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "நல்லாருக்கு. ஆனா இது பக்கத்து வீட்டுப் புள்ள மாதிரி இருக்கேய்யா"ன்னாரு. "நீங்கதான சார் கேட்டீங்க?"ன்னேன். "ஆமா, கேட்டேன். இருந்தாலும்..."ன்னு இழுத்தாரு. அந்த 'இருந்தாலும்'ல ஆரம்பிச்சது சார் வினை.

எங்க ஸ்டூடியோவுல தாட்சாயணின்னு ஒரு பொண்ணு. கும்பகோணம். பேரப் பாத்தா கோவில் பிராகாரத்துல மூணு சுத்து சுத்திட்டு வந்தவ மாதிரி இருக்கும். வரையறது பூரா ஜப்பான். அவ வரஞ்சா எருமை மாட்டுக்குக் கூட கண்ணு இட்லித் தட்டு அகலத்துக்கு வரும். குந்துமணி படத்தத் தூக்கிட்டுப் போனா. மறுநாள் படம் திரும்பி வந்தப்ப கண்ணு கன்னம் வரைக்கும் எறங்கிக் கெடக்கு. "என்னம்மா இது, தைராய்டு வந்த மாதிரி?"ன்னு கேட்டேன். "கண்ணுலதான் சார் உணர்ச்சி"ங்கறா. அவ்வளவு பெரிய கண்ணு வந்தா மூக்கு எங்க போறது? எடம் இல்ல. அதனால மூக்க ஒரு புள்ளியா வெச்சுட்டா. கோலப்புள்ளி கூட இத விடப் பெருசா இருக்கும். நான் சண்டை போட்டேன். "ஜப்பான்காரிக்குச் சடை போட்டு விட்டா அவ குந்துமணி ஆயிருவாளா?"ன்னு கத்தினேன். செங்குட்டுவன் சார் சமாதானம் பண்ணினாரு. "தலையில மல்லிப்பூ வெச்சிருங்கய்யா, சரியாயிரும்"னாரு. பூ வெச்சோம்.

இன்னொருத்தன் வேணுகோபால். மாம்பலம். அவன் அமெரிக்கா. தாம்பரத்தத் தாண்டினதில்ல, ஆனா அமெரிக்காவுல எந்தக் காலத்துல எவன் எப்படி எலிக்கு வாலு வரஞ்சான்னு வம்ச வரலாறே சொல்லுவான். அவன் வந்து குந்துமணி கையில ஒரு விரல வெட்டிட்டான். பதறாதீங்க, ரப்பரால அழிச்சான். பெருவிரலோட சேத்து நாலு விரல்தான். ஏண்டான்னா, "அங்க எல்லாப் பொம்மைக்கும் நாலுதான் சார். வரையற வேலையும் மிச்சம், பாக்கவும் அம்சமா இருக்கும்"ங்கறான். நம்ம ஊர்ல சோத்தப் பெசஞ்சு உருட்டி வாயில போடற கை சார் அது! நாலு விரல்ல ரசஞ்சோறு நிக்குமா, வழியுமா? அதையும் கேட்டேன். "கையில மருதாணி வெச்சிருங்கய்யா"ன்னாரு மொதலாளி. வெச்சோம்.

இப்படி ஒரு பக்கம் ஜப்பானு, ஒரு பக்கம் அமெரிக்கா, நடுவுல நான் ஒத்த ஆளு. விட்டுருவேனா? நானும் எம் பங்குக்கு நம்ம மண்ணோட அம்சத்த ஒண்ணாவது உள்ள கொண்டுவந்தேன். பாப்பா, பையக் காட்டும்மா. அந்தக் கன்னத்துல பாருங்க சார், ரெண்டு பக்கமும் குங்குமம் தொட்டு வெச்ச மாதிரி செவப்பு வட்டம் இருக்கா? அது என் கைவண்ணம். எவன்கிட்டயும் கடன் வாங்கல. சின்ன வயசுல எங்க ஊருக்கு வேன்ல புஸ்தகம் வரும். மாஸ்கோவுல அச்சடிச்சது, ஆனா எழுத்து பூரா தமிழு. வழவழன்னு தாளு. அதுல பனியில வெளையாடுற புள்ளைங்களுக்கெல்லாம் கன்னம் இப்படித்தான் செவந்து கெடக்கும். அதப் பாத்துப் பாத்து வரஞ்சுதான் என் கையே பழகுச்சு. தமிழ்ல படிச்சது சார், அது எப்படி வெளிநாடு ஆகும்?

ஆனா ஒரு சிக்கல் வந்துச்சு. கறுப்புக் கன்னத்துல செவப்பு எடுக்கல. காயம் பட்ட மாதிரி இருந்துச்சு. அதனால நெறத்த ஒரு படி கொறச்சேன். அப்பவும் எடுக்கல. இன்னும் ஒரு படி. அப்புறம் லேசா, சும்மா லேசா, இன்னும் ஒண்ணு. இப்பப் பாருங்க, கன்னம் எப்படிப் பளிச்சுனு இருக்கு! நெறம் வெளுத்ததும் கறுப்பு முழி ஒட்டல, அதனால தாட்சாயணி பச்சையா மாத்தினா. அது அவ வேலை, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மொதலாளி பாத்துட்டு, "அடடா, இப்பத்தான்யா உலகத் தரம்"னாரு. மண்ணோட மூஞ்சிங்கற பேச்சையே அதுக்கப்புறம் எடுக்கல.

அடுத்தது கேளுங்க, இதுலதான் அமெரிக்கா மண்ணக் கவ்வுச்சு. மொதக் கதையே நெல்லிக்காய்க்குச் சண்டை. குந்துமணி அவ கூட்டாளிப் பையனோட காய் விடுவா, கடைசியில பழம் விடுவா. டிவிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கூல்ல போட்டுக் காட்டினோம். ஹால் நெறையப் புள்ளைங்க. சண்டை வந்துச்சு. குந்துமணி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, கைய நீட்டினா. புள்ளைங்க எட்டி எட்டிப் பாக்குதுங்க. ஏன்னா காய் விடணும்னா சுண்டு விரல நீட்டணும். இவளுக்குச் சுண்டு விரலே இல்ல! கடைசியில இருக்கிறது மோதிர விரல். அத நீட்டிக்கிட்டு நிக்கிறா. மோதிர விரல நீட்டினா என்ன சார் அர்த்தம், நிச்சயதார்த்தமா? ஒரு பொடியன் எந்திரிச்சு, "டேய், இவளுக்குக் காய் விட விரல் இல்லடா!"ன்னான். அவ்வளவுதான். எல்லாப் புள்ளையும் சுண்டு விரலத் தூக்கிக்கிட்டு, "இங்க பாரு, இங்க பாரு"ன்னு ஒரே கூச்சல். வேணுகோபால் நாற்காலிக்குக் கீழ எதையோ தேடற மாதிரி குனிஞ்சவன் நிமிரவே இல்ல. எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே! எந்த ஊரு ரப்பரும் நம்ம ஊருச் சுண்டு விரல்கிட்டத் தோத்துரும்னேன்.

அப்புறம் என்ன பண்ணினாங்கன்னா, முழுப் படத்தையும் மாத்த முடியாதுன்னு, காய் விடற எடத்துல மட்டும் ஒரு விரல ஒட்ட வெச்சாங்க. சண்டை வந்தா மொளைக்கும், பழம் விட்டதும் உதுந்துரும். அடுத்த வாரம் பாருங்க, கவனிச்சுப் பாத்தாத் தெரியும். பையில எண்ணும்மா பாப்பா, எத்தன விரல்? நாலா? அதான் சொல்றேன்.

சரி, நம்ம வீட்டுக் கதைக்கு வர்றேன்.

டிவியில மொத நாள். எம் பொண்ணு காலங்காத்தால குளிச்சு, பட்டுப்பாவாடை கட்டி, தெருப் புள்ளைங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து மொத வரிசையில உக்காந்துட்டா. படம் ஓடுது. புள்ளைங்க, "நீ எப்படி வருவ, நீ எப்ப வருவ?"ன்னு கேக்குதுங்க. "மொதல்ல மத்தவங்கள்லாம் வருவாங்க. நான் கடைசியிலதான் வருவேன்"ங்கறா. கடைசியும் வந்துச்சு, பேரெல்லாம் ஓடுச்சு, சோப்பு வெளம்பரமும் வந்துருச்சு. அப்ப திரும்பி என்னக் கேட்டா, "நான் எப்பப்பா வருவேன்?"

நான் சிரிச்சேன். "அடி கிறுக்கி, அரை மணி நேரமா வந்தது பின்ன யாரு? அதான் நீ!"ன்னேன். புள்ளைங்க பூரா சிரிச்சுதுங்க. அவ சிரிக்கல. டிவியப் பாத்தா. அப்புறம் தன் கையப் பாத்தா, இந்தா இப்படி, முன்னாடியும் பின்னாடியும் திருப்பித் திருப்பி. பாத்துட்டு எனக்கு நேரா சுண்டு விரல நீட்டிட்டு உள்ள போயிட்டா.

எனக்குச் சட்டுனு வெளங்கிருச்சு. ஏன் கையப் பாத்தா? விரல்! பொம்மைக்கு நாலு, தனக்கு அஞ்சு. கோவம் வராதா? அந்த வேணுகோபால் பண்ணின வேலை எங் குடும்பத்துல வந்து விடிஞ்சுது.

அன்னையிலேர்ந்து எங்கிட்ட ஒரு பேச்சு இல்ல. எது சொன்னாலும் அவ அம்மா வழியா. "அம்மா, ககாரின்பெருமாள் சாருக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு"ம்பா. பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். வேணும்னு நானும் அவ அம்மாகிட்டயே சொல்லுவேன். வேற நடவடிக்கையும் மாறிப் போச்சு. பவுடர் டப்பா ஒரு மாசம் வந்தது ஒரு வாரத்துல காலி. மூக்குல துணிக் கிளிப்பப் போட்டுக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதறா. சளி போலன்னு நான் தைலம் வாங்கிட்டு வந்தேன். எம் பொண்டாட்டி செண்பகவல்லி இருக்காளே, அவகிட்ட, "இது அந்த விரல் விஷயந்தாண்டி"ன்னு எடுத்துச் சொன்னேன். "விரலாம் விரலு! உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"ன்னு கேட்டுட்டு, லீவு விட்டதும் புள்ளையக் கூட்டிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. கண்ணு பெருசா இருக்கறதுல என்ன தப்பு? அத தாட்சாயணிகிட்டக் கேக்க வேண்டியதுதான?

அதுக்காக விட்டுர முடியுமா சார்? வீடு வெறிச்சுனு இருக்கு. பேசாட்டிக் கூடப் பரவால்ல, பக்கத்துல உக்காந்து திட்டுவா. அதுவும் இல்ல. அதான் சொல்லி ஒரு பொம்மை செய்ய வெச்சேன். பெட்டியப் பிரிச்சே காட்டறேன். இந்தா. பாப்பா, இப்ப எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சு! அந்தக் கையிலயும் அஞ்சு! கடையில கெடைக்காது. ஒலகத்துலயே அஞ்சு விரல் குந்துமணி இது ஒண்ணுதான். இதப் பாத்ததும் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்குவா பாருங்க.

என்ன பாப்பா? அந்த அக்கா இது மாதிரியேவா இருப்பா? ஆமாம்மா, அச்சு அசல். போட்டோவா? போன் மதுரையிலயே உசுர விட்டுருச்சே. இரு, வரஞ்சு காட்டறேன். சார், பேனா இருக்குமா? தாளு எதுக்கு, இந்தக் கடலப் பொட்டலக் காகிதம் போதும். உள்ள கெடக்கறத நீ தின்னு.

இந்தா பாரு, இது நெத்தி. இது சடை. பேசிக்கிட்டே வரஞ்சாத்தான் எனக்குக் கை ஓடும் சார், யோசிச்சா ஓடாது. காது. அவ கொறைக்கச் சொன்னது இந்தக் காதத்தான். டி.கல்லுப்பட்டி வந்துருச்சா? ரோடு என்ன இப்படிக் கெடக்கு... பல்லு. இது சுண்டு விரல், நீட்டிக்கிட்டு. அவ்வளவுதான். பிடி.

என்னது? வேற புள்ளையா? இல்லம்மா, ரெண்டும் ஒண்ணுதான். பொம்மையையும் காகிதத்தையும் மாத்தி மாத்திப் பாக்காத. பஸ்ஸு குலுங்குச்சுல்ல, அதுல மூக்கு கொஞ்சம் அகலமாயிருச்சு. பேனா ஊதாப் பேனா, அழுத்திப் போட்டதுல நெறமும் கூடிப் போச்சு. இது கணக்கில்ல. இதெல்லாம் சும்மா கை போன போக்குல வந்தது சார், டிசைன் இல்ல. என்ன சார், நீங்களும் அதையே பாக்குறீங்க?

பிடிச்சிருக்கா? இதுவா? பொம்மைய விடவா? சார், உங்க பொண்ணுக்கு வெவரம் பத்தல. பச்சைக் கண்ணு இருக்கு, பூ இருக்கு, கன்னம் எப்படிச் செவந்திருக்கு, அத விட்டுட்டு எண்ணெ ஊறின காகிதத்தக் கேக்குது. "இவ சண்டைக்காரி, நல்லா இருக்கா"ங்குது. சரி, வெச்சுக்கம்மா. நீயே வெச்சுக்க. எனக்குப் பெட்டி இருக்கு.

கிருஷ்ணன்கோவில் போயிருச்சா? அடுத்தது நாந்தான். ஸ்டாண்டுக்கு மாமனார் வர்றேன்னு சொன்னாரு, ஸ்கூட்டர்ல. எம் பொண்ணு எங்க வரப் போறா. வீட்டுக்குப் போயி, கதவத் தட்டி, பெட்டிய நீட்டி... மொதல்ல பெட்டிய நீட்டணுமா, ரெண்டு விரல நீட்டிப் பழம் விடணுமான்னுதான் யோசிச்சுக்கிட்டே வர்றேன். ஒம்பது வயசுப் புள்ளைக்குப் பயப்படற மாதிரி நான் எந்த மொதலாளிக்கும் பயந்ததில்ல சார்.

ஸ்டாண்டு வந்துருச்சு. எம்புட்டுக் கூட்டம்! மாமனார் எங்க நிக்கிறாரோ. சன்னல் பக்கம் நீங்கதான இருக்கீங்க, அவரு தெரியறாரான்னு பாத்துச் சொல்லுங்களேன், வெள்ளச் சட்டை, கையில ஹெல்மெட்டோட...

என்ன பாப்பா கத்துற? எந்த அக்கா? படத்துல இருக்கற அக்காவா? எங்க?

பூக்கடைக்கிட்டயா?

அவதான்.

அவதான் சார். வந்திருக்கா. தாத்தா கையப் பிடிச்சுக்கிட்டு... எனக்கு முன்னாடி உங்க பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. இவ்வளவு கூட்டத்துல, ஒரு தடவ கூடப் பாக்காம, அந்தக் காகிதத்த வெச்சுக்கிட்டு. இங்க பாத்துட்டா. பாருங்க, பாருங்க, உடனே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, விரல நீட்டுறா பாருங்க. ஆமா பாப்பா, அதே மாதிரிதான். அதே மூக்குத்தான். பஸ்ஸு... பஸ்ஸு ஒண்ணும் பெருசாக் குலுங்கல போல.

எறங்கணும், கண்டக்டர் விசில் ஊதப் போறான். பாப்பா, ஒண்ணு செய்யலாமா? பெட்டிய நீ வெச்சுக்க. பொம்மை உனக்குத்தான், நெசமா. அந்தக் காகிதத்த மட்டும் எனக்குக் குடு. கசங்காம, ஆங், கசங்காமக் குடும்மா.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? ஒண்ணுமில்ல. பெட்டி கனமா இருக்கு. அவ்வளவு தூரம் தூக்கிட்டு நடக்கணும்ல.

கனம் சார். அதான். ரெண்டு விரல நீட்டணும்னா ஒரு கையாவது காலியா இருக்கணுமே.